அர்த்தநாரி இறக்காமல் விட்ட விமானம்

நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டுகிற பட்டறைகள் வரிசையாக இருக்கிற எங்கள் தெருவில், ஆவணி மாதத்து ஒரு காலையில், டிரைவர் அர்த்தநாரியைப் பாடையில் வைத்துத் தூக்கியபோது வெயில் சட்டென்று மறைந்தது, மழை வரப்போகிறது என்று நாங்கள் நிமிர்ந்து பார்த்தோம், மழை இல்லை, மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியைப் போல இரண்டு மூன்று பங்கு உயரத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு பெரிய பயணிகள் விமானம் நின்றுகொண்டிருந்தது. பறக்கவில்லை, நின்றது. டீ குடிக்கப் போன டிரைவர் அணைக்காமல் விட்டுப்போன வண்டியைப் போல எஞ்சின் மட்டும் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்திருந்த சின்ராசு, அர்த்தநாரியிடம் பல வருஷம் கிளீனராக இருந்தவன், ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அண்ணனோட வண்டிங்க அது," என்றான். சரி என்று நாங்களும் நடந்தோம். சாவு வீட்டில் ஆயிரம் வேலை இருக்கும், மேலே பார்த்துக்கொண்டு நிற்க யாருக்கு நேரம்.

அர்த்தநாரி கௌகாத்தி லைன் ஓட்டியவன். இங்கிருந்து லோடு ஏற்றினால் பிரம்மபுத்திரா ஆற்றைத் தாண்டித்தான் இறக்குவான், திரும்பி வந்து அந்த ஆற்றைப் பற்றியே பேசுவான், அக்கரை தெரியாது, கடல் மாதிரி கிடக்கும் என்பான், ஒரு லோடுக்கு நீயும் வா, காட்டுகிறேன் என்று பெண்டாட்டி பூங்கொடியிடம் ஒவ்வொரு தடவையும் சொல்வான், அவளும் ஒவ்வொரு தடவையும் சரி என்பாள், இரண்டு பேருக்குமே அது நடக்காது என்று தெரியும். பிறகு சர்க்கரை வியாதி அவனுடைய வலது பாதத்தை எடுத்துக்கொண்டது. பாதம் போனதும் லாரி போனது, லாரி போனதும் பேச்சும் போய், கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். எங்கள் தெருவில் லாரிகளின் பின்கதவில் தாமரையும் கழுகும் வரைகிற பெயிண்டர் காசிம் பாய்க்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. மூடிப்போன ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்து, தன் மருமகனை விட்டு அதில் விமானம் ஓட்டுகிற விளையாட்டை ஏற்றிக் கொடுத்தார்.

விளையாட்டு என்று நாங்கள்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். நிஜ விமானத்தில் எத்தனை பொத்தான் உண்டோ அத்தனையும் அதில் இருந்தது, ஒன்றைத் தப்பாக அமுக்கினால் இன்னொன்று வேலை செய்யாது. அர்த்தநாரி செல்போனில் பாடம் பாடமாகத் தேடிப் பார்த்து, மாசக்கணக்கில் உட்கார்ந்து அதைக் கற்றான். ஒரு விஷயத்தை மட்டும் கற்க மறுத்தான். விமானத்தில் கேப்டன் உட்காருவது இடப்பக்கம். "நம்மூர்ல டிரைவரு வலது பக்கந்தான் மாப்ள, இடது பக்கம் கிளீனர் சீட்டு," என்று காசிம் பாயின் மருமகனிடம் சொல்லிவிட்டு வலப்பக்க இருக்கையிலிருந்தே ஓட்டினான். தெரு முழுக்க இதைச் சொல்லிச் சிரித்தோம், அவனும் சிரித்தான், பாதம் போன பிறகு அவன் சிரித்தது அப்போதுதான்.

அவன் கோயமுத்தூரிலிருந்து கிளப்பி கௌகாத்திக்குப் போவான், போய்ச் சேர மாட்டான். கொஞ்ச தூரம் இருக்கும்போது அப்படியே நிறுத்திவைத்துவிட்டு, "சோறு போடு புள்ள," என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிடுவான், சாப்பிட்டு வந்தால் மறுபடி கோயமுத்தூரிலிருந்து தொடங்குவான். அன்றைக்கும் அப்படித்தான் விமானத்தை நடுவானத்தில் நிறுத்திவிட்டுச் சோறு கேட்டான். பூங்கொடி தட்டில் சோற்றைப் போட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டு வருவதற்குள் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தபடியே முடிந்துபோயிருந்தான். அந்தத் தட்டை அவள் கழுவிக் கவிழ்த்து வைத்தாள், அதற்குப் பிறகு அந்த வீட்டில் மத்தியானம் யாரும் சாப்பிடவில்லை.

விமானம் தெருவுக்குப் பழகிவிட்டது, நாங்களும் அதற்குப் பழகிவிட்டோம். காலையில் அதன் நிழல் வெல்டிங் பட்டறைகள் மேல் விழும், மத்தியானம் நடுத்தெருவில் கிடக்கும், சாயங்காலம் டீக்கடை ராக்கியண்ணன் பெஞ்சுகள் மேல் ஏறும், ஆகவே வெல்டர்கள் காலையில் வேலை செய்து சாயங்காலம் டீக்கடைக்கு வந்தார்கள், முட்டை லாரிக்காரர்கள் வெயில் நேரத்தில் வண்டியைக் கொண்டுவந்து நடுத்தெருவில் போட்டார்கள், கைக்குழந்தைகள் அந்த உறுமல் சத்தத்தில் தொட்டில் ஆட்டாமலே தூங்கின. ஓர் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, தரையில் எதுவும் ஊன்றவில்லையாதலால் இது ஆக்கிரமிப்பு இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். இன்னொரு அலுவலகத்திலிருந்து வந்தவர் கம்பியில் உரசவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டு டீ குடித்துவிட்டுப் போனார். ஆயுத பூஜைக்கு, வண்டி என்றால் வண்டிதானே என்று, நீள மூங்கிலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தூக்கிக் காட்டினோம். காசிம் பாய் மட்டும் அந்த வெறும் வெள்ளை உடம்பைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுவார், ஏணி எட்டியிருந்தால் வாலில் ஒரு கழுகாவது வரைந்திருப்பார்.

வீட்டுக்குள் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. திரையில் விமானத்தின் முன்கண்ணாடி, அதற்கு வெளியே அசையாத மேகம். எரிகிற விளக்கை வாயால் ஊதக்கூடாது என்று வளர்ந்த பூங்கொடிக்கு அதை அணைக்கக் கை வரவில்லை, அணைந்தால் மேலே நிற்பது என்ன ஆகும் என்று எங்களுக்கும் தெரியவில்லை. மின்வாரியம் மாசாமாசம் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துகிற நாளில், பட்டறைக்காரர்கள் முறை வைத்து லாரி பேட்டரிகளைத் தூக்கிக்கொண்டு போய் அந்த வீட்டு வாசலில் இணைத்துக் கொடுத்தார்கள். யாரும் யாரையும் கேட்டுச் செய்யவில்லை. கல்யாண வீட்டுக்கு நாற்காலி தூக்குவதைப் போல அது ஒரு தெருவேலை ஆகிவிட்டது.

ஒன்றே ஒன்றுதான் சரிப்படவில்லை. காகம் வரவில்லை.

கருமாதி அன்றைக்குச் சோறு வைத்தபோதே வரவில்லை. அவ்வளவு பெரிய பறவை ஒன்று இறக்கையை விரித்துக்கொண்டு தலைக்கு மேல் நின்றால் எந்தக் காகம் வரும், எங்கள் தெருவை விட்டே அவை போய்விட்டிருந்தன. ஐப்பசி அமாவாசைக்கு வரவில்லை, கார்த்திகைக்கு வரவில்லை. தை அமாவாசைக்குப் பூங்கொடி விடிந்ததிலிருந்து சமைத்து, வாழையிலையில் அவனுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பும் வைத்து மதில் மேல் கொண்டுபோய் வைத்துவிட்டு, கா கா என்று தொண்டை கட்டுகிற வரைக்கும் கூப்பிட்டாள். சோறு காய்ந்து, எறும்பு வந்தது. காகம் எடுக்கவில்லையென்றால் போனவனுக்கு ஏதோ மனக்குறை என்று சொல்வார்கள், மனக்குறையோ இல்லையோ, பட்டினி என்பது நிச்சயம். அவளே காசிம் பாயிடம் போய்ச் சொன்னாள்.

"அது எறங்குனாத்தான் காக்கா வரும் பாய். அதை எறக்கோணும். எறக்க நான் படிக்கிறேன்."

காசிம் பாய், "படி தங்கச்சி," என்றார்.

அவள் அர்த்தநாரியின் செல்போனை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்துக்கொண்டு பாடம் தேடினாள். பாடத்துக்குப் பஞ்சமே இல்லை, நல்ல பாடத்துக்குத்தான் பஞ்சம். ஒருத்தன் மணியை அமுக்குங்கள் மணியை அமுக்குங்கள் என்று பாதி நேரத்தை ஓட்டினான். ஒருத்தன் பேசவே இல்லை, பாட்டை ஓடவிட்டுவிட்டு விரலால் இதை அதைத் தொட்டுக் காட்டினான். இங்கிலீஷ்காரன் ஒருத்தன் ரயிலுக்கு நேரமாகிவிட்டவன் போலப் பேசினான். ஒருத்தன் எல்லாவற்றையும் விமானமே பார்த்துக்கொள்ளும் என்று இரண்டு பொத்தானை அமுக்கிவிட்டுச் சிரித்தான். இவர்கள் எல்லாரும் விமானம் தரையில் இருட்டாக நிற்கும்போதிலிருந்து தொடங்கினார்கள், விளக்கைப் போடு, எஞ்சினைக் கிளப்பு, கிளம்பு. வேறொருவன் நடுவானத்தில் விட்டுப்போன விமானத்தை வாங்கி இறக்குவது எப்படி என்று உலகத்தில் ஒருத்தரும் பாடம் போட்டிருக்கவில்லை. அவள் அதற்காக அழவில்லை, எரிச்சல்தான் பட்டாள், எரிச்சல் நல்லது என்று நாங்கள் நினைத்தோம்.

பிறகுதான் அவள், தான் தேடுவதை விட்டுவிட்டு, அவன் எதைப் பார்த்துக் கற்றான் என்று அதே செல்போனில் பார்த்தாள். கனடாவில் இருக்கிற யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி, பெயர் சுகந்தினி, முகத்தைக் காட்டாமல் குரலில் மட்டும் பாடம் போட்டிருந்தாள், பின்னால் குக்கர் விசில் கேட்டது, பார்த்தவர்கள் மிகக் குறைவு. அர்த்தநாரி முழுசாகப் பார்த்த பாடங்களின் கீழே சிவப்புக் கோடு முழு நீளத்துக்கு ஓடியிருந்தது. இறங்குவது பற்றிய கடைசிப் பாடத்தில் மட்டும் கோடு பாதியில் நின்றிருந்தது. பூங்கொடி அந்தக் கோட்டின் நுனியில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"முதல் ஒண்டும் செய்யாதேங்கோ," என்று முதல் பாடத்தில் சுகந்தினி சொன்னாள். "ரெண்டு கையையும் எடுத்து மடியில வையுங்கோ. விமானம் தன்ர பாட்டில பறக்கும். எங்கட அவசரம்தான் அதுக்குக் கூடாது. என்ன செய்யிறது எண்டு பிறகு சொல்லுறன், ஏன் செய்யிறம் எண்டு முதல் சொல்லுறன்."

பூங்கொடி மடியில் கையை வைத்தாள். ஆவணியிலிருந்து அவளிடம் எல்லாரும் எதையாவது செய்யச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், ஒன்றும் செய்யாதே என்று சொன்ன முதல் குரல் அதுதான்.

நிறுத்தி வைத்த விமானத்தில் பழகிப் பார்க்க முடியாது, தப்பாக அமுக்கினால் போயிற்று. அதற்குக் காசிம் பாய் வழி கண்டார். லாரிப் பின்கதவுப் பலகை ஒன்றை எடுத்துக் கட்டைகளின் மேல் நிறுத்தி, செல்போனைப் பார்த்துப் பார்த்து, விமானத்தின் முகப்பு முழுவதையும், ஒவ்வொரு முள்ளும் ஒவ்வொரு திருகும் விடாமல், எனாமல் பெயிண்டில் வரைந்தார். கை சும்மா இருக்காமல் நாலு மூலையிலும் தாமரையும் வரைந்துவிட்டார். அந்தப் பலகைக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பூங்கொடி வரைந்த பொத்தான்களை அமுக்கிப் பழகினாள், சின்ராசு பின்னால் நின்று, "வேகம் கொறச்சாச்சா, சக்கரம் எறக்கியாச்சா," என்று கேட்பான், வேலை முடிந்த வெல்டர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். பலகையில் எல்லாம் கைக்கு வந்தது. வீட்டுக்குப் போய்த் திரை முன்னால் உட்கார்ந்தால் எதுவும் இருந்த இடத்தில் இல்லை. பலகையில் இருந்தது கேப்டனின் இடப்பக்கம், திரையில் இருந்தது அர்த்தநாரி விட்டுப்போன வலப்பக்கம்.

"இடது பக்கத்துக்கு மாத்திக்கலாமில்லக்கா, ஒரு பொத்தான் தான," என்றான் சின்ராசு.

"அவரு உக்காந்த எடம் சின்ராசு. நான் எப்படி நகத்தறது," என்றாள். வாசலில் அவனுடைய ஒற்றைச் செருப்பும் அவன் கழற்றி விட்ட இடத்திலேயேதான் கிடந்தது.

பங்குனி வெயில் ஏறியதும் எங்கள் புத்தியும் கொஞ்சம் கெட்டது. அந்த வருஷம் ஊரே தகித்தது, எங்கள் தெருவில் மட்டும் நிழல். ராக்கியண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். "அது பாட்டுக்கு நிக்கிது, யாருக்கு என்ன கெடுதல்? சித்திரை வைகாசி போவட்டுமே," என்றார். எங்களில் பலரும் அதற்குத் தலையாட்டினோம். குழந்தை பெற்ற வீடுகளில் அந்தச் சத்தம் போனால் பிள்ளை தூங்காதே என்றார்கள். காசிம் பாய் தூரிகையைத் துடைத்துக்கொண்டே, "நெழல் வேணும்னா மரத்தை வைங்க. பசியோட நிக்கிறவன்கிட்ட நெழல் கேக்காதீங்க," என்றார். அன்றைக்கே, யாரோ சொல்லிவைத்த மாதிரி, கம்ப்யூட்டரின் விசிறி கரகரவென்று அரைத்தது, திரை ஒரு தடவை கறுத்து வந்தது, மேலே விமானம் ஓர் ஆள் உயரம் கீழே தொங்கி மறுபடி ஏறியது. இனி அது அதிக நாள் தாங்காது என்று எல்லாருக்கும் தெரிந்தது. ராக்கியண்ணனே தன் கடைப் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

சித்திரை அமாவாசைக் காலையில் பூங்கொடி குளித்து, சமைத்து வைத்துவிட்டு, திரை முன்னால் உட்கார்ந்தாள். சின்ராசு கதவு நிலையில் நின்றான், நாங்கள் தெருவில் நின்றோம். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவரு எடம் அவருக்கே இருக்கட்டும் என்று சொல்லி, இடப்பக்க இருக்கைக்கான பொத்தானை அமுக்கினாள். பிறகு நிறுத்தி வைத்திருந்ததை விடுவித்தாள். சின்ராசு பழக்க தோஷத்தில் கதவை இரண்டு தட்டுத் தட்டி, "ரைட், போலாம்," என்றான். மேலே உறுமல் உயர்ந்தது, விமானம் அசைந்தது, நிழல் எங்கள் முகங்களின் மேல் வழிந்து தெருவைத் தாண்டி, ஊர் நடுவில் இருக்கிற கோட்டைப் பாறை மேல் ஏறி வடக்கே போயிற்று. வெயில் சுள்ளென்று விழுந்தது.

அதற்கப்புறம் நடந்தது பூங்கொடி பிறகு காசிம் பாயிடம் சொன்னது. நாங்கள் யாரும் சந்தேகப்படவில்லை, தெருவுக்கு மேல் விமானத்தை வைத்துக்கொண்டு டீ குடித்தவர்களுக்குச் சந்தேகப்பட என்ன யோக்கியதை. இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்ததும் மேஜையும் சுவரும் காணவில்லை, முன்னால் கண்ணாடி, அதற்கு வெளியே மேகம் நகர்ந்துகொண்டிருந்தது. அவள் வலப்பக்கம் திரும்பினாள். அவன் இருந்தான், பனியனும் லுங்கியும், கழுத்தில் துண்டும்.

"வந்துட்டயா," என்றான்.

"வந்துட்டனுங்க."

"உன்ற சீட்டு தான் அது. காலியாவே வெச்சிருந்தேன். லாரியில ஏறியிருந்தீன்னா அந்தப் பக்கந்தான் உக்காந்திருப்ப."

அவளுக்கு என்னென்னவோ கேட்க இருந்தது. வாயில் வந்தது, அவன் ஒவ்வொரு லோடும் முடித்து வந்தபோது கேட்டதுதான். "சாப்புட்டீங்களா?"

"எங்க. சோறு போடுன்னேன், நீ போட்டுட்டு வர்றதுக்குள்ள இங்க வந்துட்டேன். பசிக்குது புள்ள."

"எறக்கியிருக்கலாமில்லீங்க."

"பாடம் முழுசாப் பாக்கல. பாத்திருந்தாலும் எறக்கியிருக்க மாட்டேன். வண்டி ஓடற வரைக்குந்தான் டிரைவரு. நின்னுபோச்சுன்னா நான் ஆரு?"

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். அப்படியே போய்க்கொண்டே இருந்திருக்கலாம் என்று எங்களில் சிலர் இன்றைக்கும் சொல்கிறார்கள், அவனும் இருந்தான், அவளுக்கு இருக்கையும் கிடைத்தது, மேகம் இருந்தது, யார் கேட்கப்போகிறார்கள். ஆனால் பசிக்குது என்று சொன்னவனை எவ்வளவு நேரம் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியும்.

"எறக்கட்டுங்களா?" என்றாள்.

அவன் தன் கால்களைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான். "எறக்கு," என்றான்.

உயரம் என்பது ஏறும்போது சேர்த்து வைத்தது, அதை ஒரே அடியாக விட ஏலாது, கொஞ்சம் கொஞ்சமாக விடவேணும், விடுவதும் ஒரு வேலைதான் என்று சுகந்தினி சொல்லியிருந்தாள். பூங்கொடி வேகத்தைக் குறைத்தாள், உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். "கொல்லிமலை எறக்கம் மாதிரியே வருதே," என்றான் அவன், குரலில் பெருமை இருந்தது. மேகம் விலகியதும் துண்டால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "அதா பாரு," என்று காட்டினான். கீழே ஆறு கிடந்தது, அக்கரை தெரியவில்லை. அவள் ஒரு பார்வை நன்றாகப் பார்த்துக்கொண்டு சக்கரத்தை இறக்கினாள்.

தரை நெருங்கியதும் விமானம் தன் பாஷையில் உயரத்தைச் சொல்லச் சொல்ல, பின்னால் எங்கேயோ இருந்து சின்ராசின் குரல் கேட்டது, பட்டறைக்குள் லாரியைப் பின்னால் எடுக்கும்போது கொடுப்பானே அதே குரல், "வரலாம், வரலாம், வரலாம், அப்டியே வரலாம்," சக்கரம் தொட்டது, ஒரு குலுக்கு, "ஹோல்டேய்." விமானம் நின்றது. அவள் கதவைத் திறக்கிற பொத்தானை அமுக்கினாள்.

அர்த்தநாரி எழுந்து நின்றான், இரண்டு பாதத்திலும் நின்றான். லோடுக்குக் கிளம்புகிற ஒவ்வொரு நாளும் அவன் வர்றேன் என்று சொல்லித்தான் வாசலைத் தாண்டுவான், அந்தச் சொல் கிடைத்ததும் அவள் உள்ளே போய்விடுவாள், பின்னால் பார்க்க மாட்டாள். இப்போது அவன், "போறேன் புள்ள," என்றான். அவன் படி இறங்கி முடிகிற வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எஞ்சின்களை ஒவ்வொன்றாக அணைத்தாள். அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் சுற்றும், நிற்கும் வரைக்கும் இருங்கோ என்று பாடத்தின் கடைசியில் சுகந்தினி சொல்லியிருந்தாள், பூங்கொடி இருந்தாள். எல்லாம் நின்றதும் கம்ப்யூட்டரையும் அணைத்துவிட்டு எழுந்து, வாழையிலையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அழுதுகொண்டே வந்தாள், சத்தமாக, ஆவணியில் அழ வேண்டிய அழுகை. உறுமல் இல்லாத தெருவில் எல்லா வீட்டிலும் குழந்தைகளும் முழித்துக்கொண்டு அழுதன.

மதில் மேல் இலையை வைத்தாள், கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ஒரு காகம் மின்கம்பியில் வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்து மேலே காலியான வானத்தைப் பார்த்துவிட்டு, மதிலுக்கு இறங்கி, கத்தரிக்காயை முதலில் எடுத்தது. பூங்கொடி அது தின்று முடிகிற வரைக்கும் நின்றாள். பிறகு உள்ளே போய், ஆவணியில் கழுவிக் கவிழ்த்து வைத்த தட்டை நிமிர்த்தி, மீதிச் சோற்றைப் போட்டு, ரசத்தை ஊற்றிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள். நாங்கள் வெயிலில் நின்றுகொண்டிருந்தோம்.